நான் யாருடைய ஏஜெண்டு?

யாராவது முகம் கொடுத்துப் பேசினால் போதும், நான் அவர் கட்சிக்கு மாறிவிடுவேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒருவன் வீடு விற்கும் வேலைக்குப் போகக் கூடாது. இருபத்து நான்கு வயதில் நான் போனேன்.

சேர்ந்ததும் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். நம்மை அமர்த்தியவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும், ஆனால் வீட்டின் குறையை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். (‘களாம்’ போடக் காரணம், நான் கடைசி வரிசையில் கறிபாப் தின்றுகொண்டிருந்தேன்.)

என் முதல் வாடிக்கையாளர் சரோஜா டீச்சர், பணி ஓய்வு பெற்றவர். பாயான் லெப்பாஸில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டை விற்றுத்தரும் பொறுப்பை எங்களிடம் கொடுத்திருந்தார். ஈப்போவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வீட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று. மாதக் கடைசிக்குள் இது விற்காவிட்டால் அது கைநழுவிப் போகும்.

சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: “தம்பி, எனக்கு அவசரம்னு யாருக்கும் தெரிய வேணாம். ரொம்ப முடியலன்னா நாப்பதாயிரம் வெள்ளி வரைக்கும் விலைய குறைச்சிக்கலாம், அது உன்னோட இருக்கட்டும். ஆனா சாமான் ரூம் சுவர்ல மேல் வீட்டுத் தண்ணி ஒழுகுது. அத மறக்காம சொல்லிடு.”

இரண்டையும் நான் அப்படியே தலைகீழாகச் செய்தேன்.

வீடு பார்க்க ஆள் வரும் நாளில் முன்கூட்டியே போய், ஒழுகும் இடத்தை மறைத்து ஒரு பெரிய காலண்டரை மாட்டினேன். (இதற்குப் பெயர் மார்க்கெட்டிங் என்று நினைத்திருந்தேன்.) அந்த நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். கையில் ஆணியும் சுத்தியலும் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. “வந்துட்டாங்க டீச்சர், அப்புறம் பேசுறேன்” என்று போனைச் சட்டைப் பையில் போட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டதாகத்தான் நினைப்பு.

வந்தவர்கள் ரவி அண்ணனும் அவர் மனைவி கலா அக்காவும். அண்ணன் பக்கத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், தங்கமான மனிதர். வீடு முழுவதையும் சுற்றிக் காட்டிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று தெரிந்ததும், தனக்கு வாங்கிவைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். நான் கட்சி மாறினேன்.

“அண்ணே, நம்ம ஆளுன்னு சொல்றேன். கேக்குற விலைய குடுக்காதீங்க. நாப்பதாயிரம் குறைச்சிக் கேளுங்க, ஒத்துக்குவாங்க. டீச்சருக்கு மாசக் கடைசிக்குள்ள வித்தாகணும்லா.”

“நெசமாவா தம்பி?”

“நான்தானே ஏஜெண்டு. எனக்குத் தெரியாதா?”

அப்போது என் நெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மனசாட்சி என்றுதான் முதலில் நினைத்தேன்.

“தம்பி, நீ யாருக்கு ஏஜெண்டு?”

மூன்று பேரும் என் சட்டைப் பையைப் பார்த்தோம்.

“விலைய சொல்லிட்ட, சரி,” என்றார் டீச்சர், வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்கும் தொனியில். “சுவர் ஒழுகுறதையாவது சொன்னியா?”

வாயில் சோறு இருந்தது. அதை மென்றுகொண்டே சாமான் ரூம் பக்கம் பார்த்தேன்.

“சாமான் ரூம்ல எதுக்கு காலண்டர்னு அப்பவே நெனச்சேன்,” என்று கலா அக்கா எழுந்து போய் அதைத் தூக்கிப் பார்த்தார். சுவரை ஒட்டிய டிசம்பர் தாளில் தொடங்கி ஜூன் தாள் வரை ஈரம் ஏறியிருந்தது. திரும்பி வந்தவர் என்னிடம், “அவங்களையும் ஏமாத்துன, எங்களையும் ஏமாத்துன. நீ யாருக்குத்தான் வேலை செய்ற?” என்றார். ரவி அண்ணன் காலிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன அந்தம்மாகிட்ட குடு,” என்றார் டீச்சர்.

கலா அக்கா போனோடு பால்கனிக்குப் போனார். கால் மணி நேரம் பேசினார்கள். ஏஜெண்டை யாரும் கூப்பிடவில்லை. சுவரை டீச்சர் தன் செலவில் சரிசெய்து தருவது, விலையில் இருபதாயிரம் குறைப்பது என்று முடிவானது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த இருபதாயிரத்தில் பெரும்பகுதி டீச்சரிடமே இருந்திருக்கும்.

போன் என் கைக்குத் திரும்பியபோது டீச்சர் சொன்னது ஒரே வரி: “உன்ன நம்பித்தானே தம்பி சொன்னேன்.”

திட்டியிருந்தால் அந்த வாரமே மறந்திருப்பேன்.

முதலாளி ஆறு மாதம் என்னை வீடு காட்ட அனுப்பவில்லை. ‘விற்பனைக்கு’ என்ற பலகைகளைக் கட்டும் வேலை கொடுத்தார். பலகையிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்களாம். வகுப்புக்கும் மறுபடி அனுப்பினார். இந்த முறை முன் வரிசை.

இன்றும் இதே தொழில்தான். வீடு பார்க்க வருகிறவர்களிடம், “நான் வீட்டுக்காரரோட ஏஜெண்டு, உங்க கடைசி விலைய என்கிட்ட சொல்லாதீங்க” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன். வெளியார் நம்புகிறார்கள். வீட்டில்தான் நம்புவதில்லை. தங்கைக்குச் சம்பந்தம் பேசத் தாசேக் கெலுகோர் போனபோது, அம்மா என்னைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு வந்து, “பையன் ஏன் வெளியவே இருக்காரு? உள்ள வரச் சொல்லுங்க” என்றார்.

“வேணாங்க,” என்றார் அம்மா. “ஒரு டீ குடுத்தீங்கன்னா உங்க பக்கம் பேச ஆரம்பிச்சிடுவான்.”

காரணம் கேட்டு, முழுக் கதையையும் தெரிந்துகொண்டு, மாப்பிள்ளையின் அப்பா சிரித்தபடி டீயைக் காருக்கே கொண்டுவந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தங்கை வீட்டுக்குப் போனால் இப்போதும் எல்லோருக்கும் டீ கூடத்துக்கு வரும், எனக்கு மட்டும் காருக்கு.