நாலு அப்பா, ஒரு மைக்

கம்ப்யூட்டர் திரை உறைந்து நின்றுவிட்டால் எதையும் தொடாமல் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்தவர்களை நான் பார்த்ததில்லை. நானும் இருந்ததில்லை. இத்தனைக்கும் திரை உறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது.

ஃபைல்களைத் திறக்க, நகலெடுக்க, இடம் மாற்ற உதவும் மென்பொருள் எங்களுடையது. பெரிய ஃபோல்டரை நகலெடுக்கும் வேலை பின்னணியில் தன்பாட்டுக்கு நடக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் எதைத் தொட்டாலும் திரை உடனே அசைய வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவள் நான். இன்னும் வெளியிடாத அந்தப் பதிப்பை என் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, அண்ணாவின் கல்யாண ரிசப்ஷனில் பெரிய திரையில் படம் காட்டும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். (யாரும் என்னைக் கெஞ்சவில்லை.)

ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். வீட்டில் எல்லோருடைய போனிலிருந்தும் வாரிப்போட்ட படங்கள் இருந்த பென்டிரைவைச் செருகினேன். நகலெடுக்கும் வேலை சமர்த்தாகப் பின்னணிக்குப் போனது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் சிறிதாக்கிக் காட்டும் வேலையைப் பின்னணிக்கு அனுப்பாமல் விட்டுவைத்திருந்தேன். திரை கல்லாய்ச் சமைந்தது.

"சேச்சி, என்டெ புரொஜெக்டர் ஓகேயாணு," என்றார் மைக், புரொஜெக்டர் வாடகைக்குக் கொண்டுவந்திருந்த பிஜு, யாரும் கேட்காமலே.

முதல் ஃபைலின் மேல் என்டர் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன்.

அண்ணாவின் மாமனார் எழுந்தார். "படம் வர்ற வரைக்கும் நான் ரெண்டு வார்த்தை பேசறேனே," என்று மைக்கை எடுத்துக்கொண்டார். தன் தாத்தா திருநெல்வேலியை விட்டு இந்த ஊருக்குப் புறப்பட்டதிலிருந்து ஆரம்பித்தார்.

அப்பா என்னருகே வந்து குனிந்தார். "எதையாவது போடுடீ. தாத்தா இன்னும் ஆரல்வாய்மொழியே தாண்டலை."

"இதோப்பா." இன்னும் இரண்டு தட்டு.

உறைந்த திரை எதையும் மறப்பதில்லை. வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும். (புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை வகுப்பெடுப்பதும் நான்தான்.) திரைக்கு உயிர் வந்ததும் என் தட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேலையைக் காட்டின. முதல் ஃபைல் படமில்லை. அப்பா வரவேற்புரைக்கு ஒத்திகை பார்த்தபோது அம்மா எடுத்த வீடியோ.

பெரிய திரையில் பனியனோடு அப்பா. "எல்லாருக்கும் நமஸ்காரம்," என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "கேட்டியா, சம்பந்தி கையிலே மட்டும் மைக் போயிடாம பாத்துக்கோ. போச்சுன்னா சாம்பார் ஆறிடும்."

அதற்குள் இரண்டாவது ஜன்னல் திறந்து இன்னொரு அப்பா நமஸ்காரம் சொன்னார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பிக்க, மண்டபத்தில் சாம்பார் திரும்பத் திரும்ப ஆறியது. மூடப் பார்த்தேன். நாலு வீடியோவின் பாரத்தில் திரை மறுபடி உறைந்தது. கடைசியில் பிஜு ஒயரைப் பிடுங்கினார்.

சம்பந்தி மாமா கையில் மைக் இன்னும் இருந்தது. எங்கள் அண்ணா தன் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றார் மாமா. "தாத்தா வந்து சேர்ந்தார். எல்லாரும் சாப்பிட வாங்கோ." மைக்கை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பாவுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்: "எல்லாருக்கும் நமஸ்காரம்." கூடத்தில் சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. முதலில் சிரித்தவர் மாமா.

திங்கட்கிழமை ஆபீஸில், படங்களைச் சிறிதாக்கும் வேலையையும் பின்னணிக்கு அனுப்பினேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று மேனேஜர் கேட்டார். உபயோகிப்பாளர் ஒருவரிடமிருந்து புகார் வந்திருக்கிறது என்றேன்.

போன மாதம் அண்ணா குழந்தைக்கு ஆண்டு நிறைவு. அப்பா நன்றி சொல்ல எழுந்தார். டாக்டரில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி லிஃப்ட் ஆபரேட்டர் வரைக்கும் வந்துவிட்டார். முன்வரிசையில் சம்பந்தி மாமா குரலை உயர்த்தாமல் ஒரே வார்த்தை சொன்னார்:

"சாம்பார்."

அப்பா உட்கார்ந்துவிட்டார்.