ஒன்பது நாளும் எழுபத்திரண்டு டிகிரியும்

டுலூத், டிசம்பர் 30

அன்புள்ள லோர்னா அத்தைக்கு,

வெண்டல் எழுதுவது. நலம், உங்கள் முழங்கால் நலமறிய ஆவல். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பது வருஷம் ஊருக்கே வரிப் படிவம் எழுதிக் கொடுத்தவர் நீங்கள். கல்யாணம் ஆகாவிட்டாலும் டெலியாவை என் படிவத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று காட்டி வரியைக் குறைக்கலாம், ஆனால் வருஷம் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும் என்றீர்கள். அவள் வேலையை விட்டு நர்ஸ் படிப்புக்குப் போனதிலிருந்து வீட்டுச் செலவு என்னுடையது. எல்லாம் பொருந்துகிறதே என்ற சந்தோஷத்தில், நவம்பர் கடைசியில் நன்றியறிதல் நாள் விருந்தில் அவள் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் இதை விளக்கினேன். அவள் அப்பா கோர்டன் வான்கோழி அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "என் பொண்ணு உன்னை அண்டிப் பொழைக்கிறாளாடா?" என்றார். டெலியா, "அப்போ எனக்கும் நம்ம நாய்க்கும் என்னய்யா வித்தியாசம்?" என்றாள். "நாயைச் சேர்க்க முடியாது, விதியைப் படிச்சுட்டேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் அத்தை. அவள் அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளால் படிவம் கெடுமா என்பதுதான் என் கேள்வி. ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஹீட்டர் ரிப்பேர்காரன் வீட்டில் ஆதாரத்துக்கா பஞ்சம்? வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்டில் வருஷம் முழுக்கப் பதிவு இருக்கிறது. நான் தனியாக இருந்தால் அறுபத்து நாலு டிகிரி ஃபாரன்ஹீட், குளிர்தான். அவள் இருந்தால் எழுபத்திரண்டு, மாவு பொங்கி வழிகிற சூடு. பதிவைப் பார்த்தாலே அவள் இருந்த நாளும் இல்லாத நாளும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை. கெடுத்தது நான்தான். அவள் போன நாலாம் நாள் வேலை முடிந்து வந்தேன். வீடு எனக்குப் பிடித்த அறுபத்து நாலில்தான் இருந்தது, பிடிக்கவில்லை. எழுபத்திரண்டுக்கு ஏற்றிவிட்டு, பனியனோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படித்தான்.

பத்தாம் நாள் பாடப் புத்தகம் எடுக்க வந்தவள் கதவைத் திறந்ததும், "இந்தச் சூட்டுல எவடா இருக்கா உள்ள?" என்று அறை அறையாகத் தேடினாள். "யாரும் இல்ல. நீ இல்லாத குறைக்கு வெச்சேன்" என்றேன். புத்தகப் பையை இறக்கி வைத்தாள். இருக்கிறாள், ஆனால் படிவத்தில் பேர் போடக் கூடாது என்கிறாள். போட்டாலும் அந்த ஒன்பது நாளை மறைத்து நான் பொய் எழுத மாட்டேன். அவள் மறுபடி போய்விடுவதற்குள் பதில் போடுங்கள்.

மாமாவுக்கு என் அன்பு. அவர் ஹீட்டருக்கு வடிகட்டி மாற்றச் சொல்லுங்கள், போன தடவை பார்த்தேன், அசிங்கம்.

உங்கள்
வெண்டல்

பி.கு. (டிசம்பர் 31): மேலே உள்ளதெல்லாம் ரத்து. தபால்தலை தேடப் போன நேரத்தில் டெலியா கடிதத்தைப் படித்துவிட்டாள். "இதை என்கிட்ட சொல்லாம அத்தைக்கா எழுதுவ, மடையா?" என்று கோட்டை எடுத்து மாட்டினாள். அக்கா வீட்டுக்கு என்று நினைத்தேன்; கோர்ட்டுக்கு. மதியம் கல்யாணம் ஆயிற்று. இப்போது அவள் சார்ந்திருப்பவர் இல்லை, மனைவி. முந்நூற்று அறுபத்தைந்து நாளை நிரூபிக்க நான் அலைந்தேன்; வருஷத்தின் கடைசி நாளில் கட்டிக்கொண்டாலும் வரிக்கு வருஷம் முழுக்கக் கட்டியதாகக் கணக்காமே, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? கோர்டனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் வரியில் எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.