டெல்லாவின் கோப்பில் முதல் தாள்

ஒகினாவா,
21 அக்டோபர் 1996.

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

உன் தம்பி வெண்டல் எழுதிக்கொள்வது. இங்கே நான், லோர்னா, டெல்லா மூவரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கான்சாஸில் குளிர் தொடங்கியிருக்கும், இங்கே இன்னும் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். டெல்லாவின் பள்ளிக்கூடக் கோப்பின் நகலை அனுப்பச் சொல்லிப் போன வாரம் போனில் கெஞ்சினேனே, அதைத் தயவுசெய்து தபாலில் போட்டுவிடாதே. உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தால் பிரித்துவிடு. நீ எந்தக் காகிதத்தையும் ஒரு வாரம் ஆறப்போட்டு, இரண்டு தடவை எண்ணிப் பார்த்த பிறகுதான் அனுப்புவாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போனில் வேண்டும் என்றவன் கடிதத்தில் வேண்டாம் என்கிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நீ அத்தானிடம் கேட்பது எனக்கு இங்கே கேட்கிறது. போன் பேசும்போது லோர்னா பக்கத்தில் நின்றாள், அதுதான் ஆயிற்று. மறுபடி போன் செய்யலாம் என்றால் பில்லில் உன் எண் வரும், பில் பார்ப்பவள் லோர்னா. ஆகவே கடிதம்.

நெப்ராஸ்காவில் வீட்டைக் காலி செய்தபோது லோர்னா வேலை செய்யும் விமானப்படை சாமான் கட்ட ஆள் அனுப்பியது. மூன்று பேர் வந்தார்கள். கப்பலில் போகக் கூடாத பொருளையெல்லாம், பாஸ்போர்ட், டிக்கெட், டெல்லாவின் கோப்பு, குளியலறையில் வைத்துக் கதவில் 'இந்த அறையில் எதையும் தொடாதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். இத்தனை தடவை வீடு மாறியவனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரியும். ஆனால் கட்டுகிற ஆட்களில் ஒருவன் அவசரமாகக் குளியலறைக்குப் போக வேண்டும் என்றான். நானே கதவைத் திறந்துவிட்டேன். திறந்த கதவு சுவரோடு சாய்ந்து நின்றது, என் சிவப்பு மை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் கீழே அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுக்கொண்டு, 'என்ன சுறுசுறுப்பு!' என்று பாராட்டிக்கொண்டிருந்தேன். காபிச் சக்கை நிறைந்த குப்பைத்தொட்டியைக்கூட மூன்று சுற்றுக் காகிதம் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தப்பியதற்குக் காரணம், லோர்னா அவற்றை எனக்குத் தெரியாமல் எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தாள். கோப்பு கப்பலேறிவிட்டது. ஈஸ்டருக்கு நாங்கள் அங்கே வந்திருந்தபோது நீ உன் பள்ளி அலுவலக மெஷினில் நாற்பத்தாறு தாளையும் நகல் எடுத்துக்கொண்டு, "அரசாங்கத்தை நம்பலாம்டா, சாமான் கட்டுறவனை நம்பாதே"ன்னு சொன்னாய். இருபத்திரண்டு வருடம் ஒரே பள்ளியில் குமாஸ்தாவாக இருப்பவள் வாக்கு பொய்க்குமா?

இங்கே விமானத் தளத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருப்பவர் திருமதி ஹிகா. இந்த ஊர்க்காரர். குரலே உயராது, ஆனால் அவர் கவுண்டர் முன் நின்றால் நானே சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொள்கிறேன்.

"கோப்பு கொண்டுவந்திருக்கீங்களா சார்?"

"கடல்ல இருக்கும்மா."

அவர் ஆச்சரியப்படவில்லை. பதிவேட்டில் 'கடலில்' என்று எழுதினார். அதற்கு மேலே நான்கு பேருக்கு அதே பதில் எழுதியிருந்தது. கோப்பு வரும்வரை ஒரு பரீட்சை வைத்து வகுப்பு ஒதுக்குவார்களாம். விமானத்தில் பதினாறு மணி நேரம் வந்து, தூக்கமில்லாமல், டெல்லா கணக்குப் பரீட்சை எழுதினாள். எட்டாம் வகுப்பில் கடைசிக் கணக்குப் பிரிவில் போட்டார்கள். மறுபடி பின்னம். மிசிசிப்பியில் பின்னம், நெப்ராஸ்காவில் பின்னம், இப்போது ஒகினாவாவிலும் பின்னம். நாம் ஒரு ஊருக்குப் போகும்போது அந்த ஊர் எந்தப் பாடத்தில் நிற்கிறதோ அதுதான் பிள்ளைக்கு விதி. அட்டையில் சூரிய மண்டலம் நான்கு தடவை செய்துவிட்டாள், பூமியின் கண்டங்கள் எத்தனை என்று ஒரு ஊரும் சொல்லித் தரவில்லை. உலகத்தில் பாதியைச் சுற்றிவிட்டு, கண்டத்தை என்னிடம் கேட்கிறாள்.

இப்போது முதல் தாளுக்கு வருகிறேன். உனக்குத் தெரியும், நகல் எடுத்தவள் நீ. ஜார்ஜியாவில், ஆறு வயதில், முதல் வகுப்பில், டெல்லா துணைத் தலைமையாசிரியரின் முழங்கைக்குக் கீழே கடித்தாள். 'காரணம் எதுவும் இல்லாமல்' என்று தாளில் இருக்கிறது. நாற்பத்தைந்து நல்ல தாள்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன, யாரும் அங்கே போவதில்லை. மிசிசிப்பியில் ஆகஸ்ட் வெயிலில் அவள் டீச்சர் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். நெப்ராஸ்காவில் முதல் நாளே தனி பெஞ்சு. பேசாமல் இருந்தால் 'அடக்கிவைத்த கோபம்' என்று எழுதினார்கள், பேசினால் 'கோபம்' என்று எழுதினார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் அவளும் அலுத்துப்போய், "கடிப்பியா?"ன்னு யாராவது சீண்டினால் பல்லைக் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்தாள். லோர்னாவுக்கு ஊர் மாறும்போதெல்லாம் தோளில் ஒரு பதவிப் பட்டை கூடுகிறது. பிள்ளைக்குக் கூடுவது தாள்தான். எங்கள் வேலைக்காக அவளை இழுத்துக்கொண்டு போகிறோம், எங்களுக்கு முன்னால் அவள் பெயர் போய் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே அந்தப் பெயர் வரவில்லை. முதல் நாள் வகுப்பாசிரியர் அவளுக்குக் கை நீட்டியிருக்கிறார். இவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். வீட்டுக்கு வந்து, "அப்பா, அவர் அரைக்கை சட்டை போட்டிருந்தார்"ன்னு சொன்னாள். நான் சமையலறையில் திரும்பிக்கொண்டு பாத்திரம் துலக்கினேன், துலக்கியதையே துலக்கினேன். மூன்றாவது வாரம், புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க டெல்லாவைத் தேர்ந்தெடுத்தார்கள். வருடத்தில் பாதிப் பிள்ளைகள் வந்து போகிற பள்ளி, அதனால் வருகிறவர்களைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். சாப்பாட்டுக்கு எந்த வரிசை, எந்த மெஷின் காசை விழுங்கிவிட்டு ஜூஸ் தராது, எல்லாம் இவள் சொல்லித் தருகிறாள். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அந்த ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

போன மாதம் டெல்லாவிடம் கெண்ட்ரா என்று ஒரு முதல் வகுப்புப் பிள்ளையை ஒப்படைத்தார்கள். அப்பா கப்பலில், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறது. டெல்லா கை கொடுத்து இறக்கப் போனாள். அந்தக் குட்டி அந்தக் கையைக் கடித்துவிட்டது. சாயங்காலம் பார்க்கிறேன், மணிக்கட்டில் அரை வட்டமாகப் பத்துப் பல்.

"என்னடி இது?"

"பஸ் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு."

"பஸ் கதவுக்குப் பால் பல்லா?"

"கதவுன்னுதான் ஸ்கூல்லயும் சொல்லியிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்கப்பா. எழுதிடுவாங்க."

நானும் கதவு என்றே சொன்னேன்.

பத்து நாள் முன்னால் சாமான் பெட்டி வந்தது. கப்பல் ஒரு புயலுக்கு ஒதுங்கி நின்றதில் தாமதம். முதலில் பிரித்தது குப்பைத்தொட்டி, சக்கையில் பூஞ்சை பிடித்து ஒரு காடே முளைத்திருந்தது. அதற்குக் கீழே கோப்பு, ஒரு கீறல் இல்லாமல். லோர்னா ஹேங்கரில் விமானத்துக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த நேரம். டெல்லா என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள்.

"அதைக் குடுத்துடுவீங்களா?"

"குடுத்தா நீ சரியான கணக்கு வகுப்புக்குப் போயிடலாம்டா. இதுல மார்க்கெல்லாம் இருக்கு."

"பின்னம் மூணாவது தடவை படிக்கிறேன். நாலாவது தடவைகூடப் படிக்கிறேன். குடுக்காதீங்கப்பா."

என்ன செய்வேன், சொல். கோப்பை என் மீன்பிடித் தூண்டில் பெட்டிக்குள் அடியில் வைத்தேன். லோர்னா வந்ததும் கோப்பு சாமான் பெட்டியில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு திருகாணி குறைந்தால் விமானத்தைப் பறக்கவிடாதவள். தொலைந்த சாமானுக்கான படிவத்தைக் கொண்டுவந்து என்னை உட்காரவைத்து நிரப்பச் சொன்னாள். 'கோப்பு ஒன்று, நீல நிறம்' என்று என் கையாலேயே எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறாவது கையில் இருக்கும், எனக்குத் தூண்டில் பெட்டிதான் இருக்கிறது. அதோடு விட்டாளா? "உங்க அக்காதான் நகல் வெச்சிருக்காளே, போன் போடு வெண்டல்"ன்னு ரிசீவரைக் கையில் கொடுத்தாள்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். ஒன்று, அனுப்பாதே, நகல் எலி கடித்துவிட்டது என்று சொல். அது முடியாது என்றால் முதல் தாளை மட்டும் எடுத்துவிட்டு மீதி நாற்பத்தைந்தை அனுப்பு. ஒவ்வொரு தாளிலும் நீ எண் போட்டு முத்திரை குத்தியிருப்பாய் என்று தெரியும். உன் உத்தியோகத்தில் ஒரு தாளைக்கூட நீ மறைத்ததில்லை என்றும் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை ஏன் கடித்தது என்று யார் கண்டது? பிள்ளைகள் கடிக்கும். அதற்காகப் பதிமூன்று வயதிலும் சுமக்க வேண்டுமா? யோசித்துப் பார்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொல். உன் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே ஊரில் ஒரே பெஞ்சில் படித்துப் பட்டம் வாங்கட்டும்.

உன் பாசமுள்ள தம்பி,
வெண்டல்

பின்குறிப்பு, 23 அக்டோபர்: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் செய்யாதே.

நேற்று மதியம் திருமதி ஹிகா போன் செய்தார். "சார், கோப்பு கடல்லேர்ந்து வந்துடுச்சு. உங்க பொண்ணு கொண்டுவந்து குடுத்தா. நன்றி." எனக்குத் தேள் கொட்டினது போல ஆகிவிட்டது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். நடந்தது இது. காலையில் கெண்ட்ரா இந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியரைக் கடித்துவிட்டாள். அலுவலகத்தில் அவளுக்கு முதல் தாள் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். செய்தி கேட்ட டெல்லா கணக்கு வகுப்பிலிருந்து எழுந்து, வீட்டுக்கு நடந்து வந்து, நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தூண்டில் பெட்டியைத் திறந்து, கோப்பை எடுத்துப் போய் அந்தத் துணைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டாள். ஹிகா அம்மா கவுண்டரில் நின்று கேட்டிருக்கிறார், அப்படியே என்னிடம் சொன்னார்:

"முதல் தாளைப் படிங்க சார். ஏழு வருஷமா என்கூடவே வருது. நான் ஏன் கடிச்சேன்னு இதுல இல்ல. யாரும் கேக்கல. அப்போ அம்மா வேலையா கொரியாவுக்குப் போயிட்டாங்க, அவங்க தொப்பியை என் சாப்பாட்டுப் பையில வெச்சிருந்தேன். வகுப்புல தொப்பி கூடாதுன்னு அந்த ஜார்ஜியா சார் பிடுங்கினார், திருப்பித் தரல. கெண்ட்ராகிட்ட முதல்ல கேளுங்க. அப்புறமா எழுதுங்க."

கேட்டிருக்கிறார்கள். கெண்ட்ரா சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன், அது அவள் சொந்த விஷயம். தாள் எழுதப்படவில்லை. டெல்லா திங்கட்கிழமை மேல் கணக்கு வகுப்புக்குப் போகிறாள். அந்த வகுப்பின் ஆசிரியர் என்ன சட்டை போடுவார் என்று எனக்குத் தெரியாது.

லோர்னாவிடம் எல்லாம் சொன்னேன். கிரீஸ் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கொரியாலேர்ந்து வந்து ஒரு தொப்பி குறையுதேன்னு வீடு முழுக்கத் தேடினேன், வெண்டல்" என்றாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உன் பொய்யைப் பத்தி ஞாயித்துக்கிழமை பேசறேன்" என்று சொல்லிவிட்டு டெல்லாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா, அந்தத் தாளின் அடியில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. 'காரணம் எதுவும் இல்லாமல்' என்பதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அப்போது பார்த்த டயர் கடை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே போட்டேன். அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனவனும் நான்தான். நகல் இனி வேண்டாம், நீயே வைத்துக்கொள். ஆனால் கோப்பில் பேனா வைக்கக் கூடாது என்ற உன் விதியை எனக்காக இந்த ஒரு தடவை மீறு. அந்த மூன்று வார்த்தையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் உன் அழகான கையெழுத்தில் எழுது: அவள் அம்மாவின் தொப்பியைப் பிடுங்கினார்கள். அவள் அப்பா கேட்கவில்லை.