கியருக்கு அலை வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. அலை வைத்தியர் வாசலில் மட்டும் இருபத்திரண்டு சைக்கிள்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உடம்பை இறுக்கிப் பிடித்த உடையும் காளான் மாதிரி ஹெல்மெட்டுமாக ஒரு படித்த மனிதர். பல் டாக்டர், வக்கீல், வங்கி மேலாளர். ஒன்பதாவதாக நின்றவன் நான்.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். 'அலைகள்' பாடத்தைப் பதினேழு வருடமாக நடத்துகிறவன். சிரிப்பதென்றால் இங்கேயே சிரித்துவிடுங்கள். பின்னால் இன்னும் மோசமாக இருக்கிறது.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் எல்லோரும் ஒரே நாளில் மொத்தமாக ஆர்டர் போட்டு வயர்லெஸ் கியர் மாட்டிக்கொண்டோம். கம்பியே கிடையாது. ஹேண்டில்பாரில் இருக்கும் லீவரைத் தட்டினால், பின்சக்கரத்தருகே இருக்கும் குட்டி மோட்டார் 'ட்ஸிக்' என்று செயினை நகர்த்தும். வலது லீவர் கியரைக் கூட்டும், இடது குறைக்கும். லீவரையும் மோட்டாரையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்த, பின்னால் உள்ள பொத்தானைப் பச்சை விளக்கு சிமிட்டும்வரை அமுக்கிப் பிடித்து, பிறகு லீவரின் பொத்தானை அமுக்க வேண்டும். அரை நிமிட வேலை. எனக்கு ஒரு நாள் முழுதும் பிடித்தது. கையேட்டை நான் பிரிக்கவே இல்லை. இயற்பியல் ஆசிரியன் கையேடு படிப்பதாவது!

ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரே மாதத்தில் ஒவ்வொருவர் கியராக மக்கர் செய்ய ஆரம்பித்தது. என் வலது லீவர் நாலு தட்டுக்கு ஒரு தடவைதான் பேசியது. பின் மோட்டாரின் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டேன். பயனில்லை. லீவரில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதுவும் என்னைப் போலவே கோபமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அலை வைத்தியர் புகழ் பரவியது. வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அதைப் பின் மோட்டாரில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"காத்துல அலை கெட்டுப்போச்சு சார். பாவம், வண்டி திணறுது," என்றார், நான் முதல் தடவை போனபோது.

சைக்கிளைத் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோனார். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது செயின் துடைத்து எண்ணெய் விட்டிருந்தது. (அவர் செய்த ஒரே நேர்மையான வேலை அதுதான்.) ஹேண்டில்பாரின் அடியில் ஒரு செம்பு வில்லை. லீவரைத் தட்டினேன். ட்ஸிக்! கூட்டம் கைதட்டியது. வில்லையின் விலையைச் சொல்லமாட்டேன். என் மனைவி இதைப் படிப்பாள்.

மூன்று வாரம் கழித்து இடது லீவர் படுத்தது. கியர் கூடும், குறையாது. மேட்டில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை என் மாணவர்கள் பார்த்தார்கள். மறுபடி வைத்தியரிடம் ஓடினேன்.

"வில்லையையே மீறுதுன்னா, எதிரி உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. பக்கத்துல டவர்?"

"இல்லை சார்."

"வைஃபை பெட்டி? ம்ஹூம், அதுக்கு இவ்வளவு வேகம் கிடையாது. காதுல மிஷின் வச்சவங்க யாராவது..."

"என் மாமனார்! எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. பல் டாக்டருக்கு மைக்ரோவேவ், வக்கீலுக்குப் பக்கத்து வீட்டு அழைப்புமணி, எனக்கு மாமனார்.

"ஒரு வாரம் அதை அணைச்சு வைங்க. அப்புறம் வண்டியைக் கொண்டாங்க," என்றார்.

மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அதுக்கென்ன மாப்பிள்ளை," என்று மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசும்போதெல்லாம் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு இருந்தார். என் மனைவிக்கு அந்த வாரம் மாலை ஷிஃப்ட். அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கியர் முக்கியம் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை தெருமுனையில் ஒரு வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே மாமனாருக்குப் பின்னால் வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. கடைசி நொடியில் யாரோ பிடித்து இழுத்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

மனைவி காயத்தைக் கழுவிக்கொண்டே, காதைக் காட்டி, "மிஷின் எங்கே அப்பா?" என்று கத்திக் கேட்டாள்.

"மாப்பிள்ளை கியருக்கு ஆகாதாம்மா," என்றார் அவர்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மிஷினை எடுத்து அப்பா காதில் மாட்டிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் ஷூ ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து கையேட்டை எடுத்துவந்து முன்னால் போட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எதையும் பெயர் எழுதாமல் கீழே வைக்க மாட்டாள்.

"லீவருக்குள்ள என்ன இருக்கு?"

"தெரியாது."

"ஒன்றரை வருஷமாத் திறந்தே பார்க்கலையா?"

ஒரு நாணயத்தை வைத்துத் திருகினாள். மூடி கழன்றது. உள்ளே, கைக்கடிகாரத்தில் போடுகிற மாதிரி ஒரு பட்டன் பேட்டரி. "சிவப்பு விளக்கு சிமிட்டினா இதை மாத்தணும்னு படம் போட்டே காட்டியிருக்கான்."

"அப்ப இப்பவே மாத்திடலாமே," என்றேன்.

"வேண்டாம். நான் மாத்தினா நீங்க நம்பமாட்டீங்க. உங்க வைத்தியரே மாத்தட்டும்." பேட்டரியின் மேல், ஆஸ்பத்திரிப் பேனாவால் என் பெயரைப் பொடி எழுத்தில் எழுதி, திரும்ப உள்ளே வைத்து மூடினாள்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவதாக நின்றேன், பக்கத்தில் அவளோடு. என் முறை வந்தது. திரை மூடியது. திரை திறந்தது. ட்ஸிக்! கைதட்டல்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மனைவி. நாணயத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் இடது மூடியைத் திறந்தாள். பளபளவென்று புதுப் பேட்டரி. "இதுல என் வீட்டுக்காரர் பேர் எழுதியிருந்துச்சே, அது எங்க?"

வைத்தியர் அசரவில்லை. "அது அலையில கரைஞ்சிடுச்சும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே இயற்பியல் வாத்தியார். சொல்லுங்க, பேட்டரி கரையுமா?"

மற்ற இருபத்தொரு ஹெல்மெட்டுகளும் என்னைப் பார்த்தன. "கரையாது," என்றேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சிறிய பாடம்.

வங்கி மேலாளர் போய்த் திரையை விலக்கினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் நிறையப் பட்டன் பேட்டரிகள். எல்லாவற்றுக்கும் மேலே என் பெயர். ஒரே நாளில் வாங்கியதால் ஒரே மாதத்தில் எல்லோர் பேட்டரியும் தீர்ந்திருக்கிறது. அந்தப் பழியைத்தான் காற்றின்மேல் போட்டிருந்தோம்.

மனைவி அதோடு விடவில்லை. பழைய பேட்டரியைப் போட்டாள். வில்லை இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டினாள். மௌனம். வில்லையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதுப் பேட்டரியைப் போட்டாள். ட்ஸிக்.

"கியர் வேலை செய்யுதா இல்லையா?" வைத்தியர் குரலை உயர்த்தினார். "அதைச் சொல்லுங்க!"

"செய்யுது. அதுக்கு எங்கப்பா எதுக்கு செவிடா இருக்கணும்?"

வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். ஆனாலும் வக்கீல் மட்டும் என் காதருகே வந்து, "என்ன இருந்தாலும் வில்லை போட்டப்புறம் எனக்கு வேகம் கூடியிருக்கு," என்றார்.

வீட்டுக்கு வந்து மாமனார் எதிரில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிடுங்க மாமா," என்றேன்.

"என்ன மாப்பிள்ளை? கேக்கலையே."

உரக்கச் சொன்னேன். அவர் கையைக் காதருகே குவித்தார். மூன்றாவது முறை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அப்போதுதான் மிஷின் காதிலேயே இருப்பதைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

என்னை ஏமாற்ற ஒரு வெள்ளைக் கோட்டும் ஒரு திரைச்சீலையும் போதுமாக இருந்தன. உங்களுக்கு எது போதும் என்று, அடுத்தவன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.