சோளக்கடைக்கு வந்த மாப்பிள்ளை

கொடைக்கானலின் குளிரிலும் என் ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்ட பெருமை ஒரே ஒருவரைத்தான் சேரும். வயது ஐம்பதைத் தாண்டியும் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் ‘மாப்பிள்ளை’. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

அந்த ஸ்டாண்டில் வண்டிகளை அனுப்பும் வேலைக்கு நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பூண்டிப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களை மாப்பிள்ளையின் ஜீப்பில் ஏற்றினால், சாயங்காலம் புகார் வந்து சேரும். வழியில் ஒரு வளைவில் ஓர் அக்கா வேகவைத்த சோளம் விற்றாள். மழை கொட்டினாலும் சரி, பின்சீட்டுப் பிள்ளை வாந்தி எடுத்தாலும் சரி, வண்டி அங்கே நின்றே தீரும். மாப்பிள்ளை கண்ணாடியைத் திருப்பித் தலை சீவிக்கொண்டு இறங்குவார்.

“சோளம் இளசா இருக்குங்களா?”

“கடிக்கிற பல்லு இளசா இருக்கான்னு பாத்துக்கங்க மொதல்ல.”

இப்படியே பேச்சு வளரும். பயணிகள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் சென்னைப் பெண்மணி ஒருவர் கொதித்துப் போய் வந்தார். “உங்க டிரைவர் அந்தக் கடைக்காரம்மாகிட்ட வழியுறாரு. தெரிஞ்சவரான்னு அவங்களையே கேட்டேன். ‘யாருன்னே தெரியாதுங்க, தெனம் வந்து நிக்கிறாரு’ன்னு சொல்றாங்க.”

எனக்கு வந்ததே கோபம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே, “சோளம் நல்லாருக்கும் சார்” என்றார். அவ்வளவுதான் விளக்கம். இனி உமக்குப் பூண்டி ரோடே கிடையாது என்று கொடை ரோடு ரயில் நிலையச் சவாரிக்கு மாற்றிவிட்டேன். அதன்பிறகு மனிதர் தலை சீவுவதையே விட்டுவிட்டார்.

சில நாளில் கடையைச் சாத்திவிட்டு அந்த அக்காவே ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள்.

“அவரு என் வீட்டுக்காரருங்க.”

பின்னால் டிரைவர்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரியுமாம். எனக்குச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

“அப்புறம் ஏம்மா தெரியாதுன்னு சொன்னீங்க?” என்றேன் எரிச்சலோடு.

“வீட்ல எங்கங்க பேச்சு? வெள்ளனே அவரு சவாரிக்குப் போயிருவாரு, நான் கடைக்கு. ராத்திரியானா கேஸு சிலிண்டர் தீந்துருச்சு, மகளுக்கு ஃபீஸு கட்டணும், இதான் பேச்சு. கடைக்கு வந்தாத்தான் பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி என்னயப் பாத்துச் சிரிக்கிறாரு. புருஷன்னு சொல்லிட்டா அங்கயும் கேஸு கதைதாங்க வரும். எங்களுக்குன்னு கெடைக்கிறது அந்தக் கொஞ்ச நேரம். அதையும் நிப்பாட்டிட்டீங்களே.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. மறுநாளே பூண்டி ரோட்டை அவருக்கே கொடுத்தேன். மாப்பிள்ளை ஸ்டாண்டிலேயே கண்ணாடியைத் திருப்பினார்.

புகார் மட்டும் நிற்கவில்லை. அதனால் அவர் ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்: “வழியில ஒரு கடையில சோளம் நல்லாருக்கும். அவசரப்படாம சாப்பிட்டுட்டு வாங்க.”