பதினேழு ஆய்வேடுகளும் ஒரு கண்ணாடி பீரோவும்

அரசியல் சட்ட ஆராய்ச்சியில் பாரதம் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறதென்றால், அந்தத் தலைக்குக் கழுத்தாக இருப்பது கூடுவாஞ்சேரி தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் ஒரு சட்டக் கல்லூரிதான். 2006-இல் ஆஃபியா அங்கே கருத்துச் சுதந்திரம் பற்றி எம்.எல். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அரசியல் நிர்ணய சபையில் ஓர் உறுப்பினர் முழங்கியதாகச் சொல்லப்படும் ஒரே வாக்கியத்தில் மூன்றாம் அத்தியாயம் தொங்கியது: "குடிமகன் வாய்க்குப் பூட்டுப் போட்டால், சாவி நம் பேரன்களிடமும் இருக்காது." கல்லூரியின் பதினேழு ஆய்வேடுகளிலும் அந்த முத்து இருந்தது.

மூலத்தைப் பார்த்துவிட ஆசைப்பட்டாள். பாவம், சின்னப் பெண்.

சபை விவாதத் தொகுதிகள் நூலகத்தில் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. சாவி நூலகர் தட்சிணாமூர்த்தியின் இடுப்பில் இருந்தது.

"அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெச்சிருக்கும்மா. படிச்சா அழுக்காயிடும்."

இரண்டு மாதம் கழித்து இன்ஸ்பெக்‌ஷன் குழு வந்தது, பீரோ திறந்தது. 'வாசகர்கள்' வேண்டுமென்று பத்து மாணவிகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு தொகுதியைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒழுங்காக நடித்தார்கள். ஆஃபியா மட்டும், கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஏழாம் தொகுதியைப் படித்தாள். எல்லா ஆய்வேடுகளும் காட்டிய பக்கத்தில் அந்த வாக்கியம் இல்லை. குழு பிரியாணி சாப்பிட்டு முடிக்கும்வரை புரட்டினாள். எங்குமே இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் ஸ்ரீரங்கனிடம் ஓடினாள்.

"பதினேழு தீசிஸ்ல இருக்கும்மா. ஒரு புஸ்தகத்துல மட்டும் இல்லை. ஜனநாயக நாட்டுல மெஜாரிட்டிதானே செல்லும்?"

"சார், முதல் தீசிஸ் உங்களோடது. நீங்க எங்கிருந்து எடுத்தீங்க?"

"என் கைடு சொன்னார். அவ்வளவு பெரிய மனுஷனைப் போய் ஆதாரம் கேக்கறதா?" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அந்த மேற்கோள் இல்லேன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையேல் பட்டம் இல்லை. ஆஃபியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேற்கோளை எழுதினாள். கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பும் போட்டாள்: "இப்படி யாரும் பேசவில்லை. ஏழாம் தொகுதியை நானே படித்துப் பார்த்தேன்."

ஸ்ரீரங்கன் கையெழுத்திட்டார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாமுண்டீஸ்வரி, "அடிக்குறிப்பெல்லாம் பிரமாதம்! மூலத்துக்கே போயிருக்கீங்க" என்று பாராட்டினார். அவ்வாண்டின் சிறந்த ஆய்வேடு அதுதான்.

அடுத்த ஆண்டு கிருபா என்ற மாணவன் அதே வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் எழுதினான். ஆதாரம்: ஆஃபியா, பக்கம் 63. பக்க எண்ணை ஸ்ரீரங்கன் சொன்னார். ஆய்வேட்டைக் கிருபா பார்க்கவில்லை. சிறந்த ஆய்வேடல்லவா, அதுவும் இப்போது கண்ணாடி பீரோவுக்குள் இன்ஸ்பெக்‌ஷனுக்காகப் பத்திரமாக இருக்கிறது.