டீசல் ஊற்றியவள்

சேலை கட்டிக்கொண்டு பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிற பெண்களுக்கு ரோட்டில் இடது பாதி மட்டும்தான் தெரியும். வலது பாதியில் என்ன வருகிறது, முன்னால் என்ன நிற்கிறது என்பதெல்லாம் ஓட்டுகிறவர் பொறுப்பு. நம் பொறுப்பு, கையில் கொடுத்த சாமானைக் கீழே போடாமல் வைத்திருப்பது. கல்யாணமான புதிதில் இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. (புத்தி என்று ஒன்று இருந்திருந்தால் ஏன் பிடிக்கப் போகிறது?)

வடமதுரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊரில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமனாருக்குத் தக்காளியும் கத்திரியும் போடுகிற தோட்டம், ஒரு டிராக்டர். என் கணவருக்கு ஒரு பைக். நான் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்திருந்தேன். பெண் பார்க்க வந்தபோது அந்தப் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்த்தான் பார்க்கட்டுமே என்றார். கிடைக்காது என்ற நம்பிக்கை அவருக்கு நிறையவே இருந்தது.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டரை பஸ்ஸைப் பிடித்தால் போதும். ஆனால் என் கணவருக்கு அது கௌரவக் குறைச்சல்.

"நான் ஒருத்தன் வீட்ல இருக்கறப்ப நீ எதுக்கு பஸ்ல தொங்கிக்கிட்டுப் போற? பைக்ல போனா அரை மணி நேரம்" என்றார்.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எட்டரை பஸ் எங்கள் வாசலைத் தாண்டிப் போவதைப் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்கு ஷாம்பு போட்டுக் குளியல் நடக்கும். கண்ணாடிக்குத் தனித் துணி, சீட்டுக்குத் தனித் துணி. பெட்ரோல் மட்டும் போடமாட்டார். எப்போதும் ரிசர்வில்தான் ஓடும். அன்றைக்கு உதைத்து உதைத்துப் பார்த்தும் வண்டி எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆட்டி, டேங்க் மூடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மோட்டார் ரூமுக்குப் போனார்.

மோட்டார் ரூமில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளை கேன்கள் உண்டு. ஒன்றில் மருந்தடிக்கிற மெஷினுக்குப் பெட்ரோல், இன்னொன்றில் டிராக்டருக்கு டீசல். அவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் ஊற்ற ஆரம்பித்ததுமே எனக்கு மூக்கில் ஏறியது.

"ஏங்க, டீசல் வாடை அடிக்குதுங்க."

"முன்னாடி இந்தக் கேன்ல டீசல் வச்சிருந்தோம். அந்த வாடை. நீ வந்து ஏறு."

ஏறினேன். ரசாயனம் படித்தவள், வாடை பிடித்துச் சொன்னவள், ஒரு வார்த்தையில் அடங்கி ஏறி உட்கார்ந்தேன். அதைவிடப் பெரிய கூத்து, ஹெல்மெட். வீட்டுக்கே ஒரு ஹெல்மெட்தான். அவர் மாட்டினால் தலை வேர்க்கும். என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் இன்டர்வியூவுக்காக ஒரு மணி நேரம் செலவழித்து வாரிய தலை, அதில் மல்லிகைப் பூ வேறு. நசுங்கிவிடும் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அதை என் முழங்கையில் மாட்டிவிட்டு, வழியில் போலீஸ் நின்றால் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சரி என்றேன். (தலைக்கு இல்லாத பாதுகாப்பு என் முழங்கைக்குக் கிடைத்தது.)

டேங்கின் அடியில் கிடந்த கொஞ்சப் பெட்ரோலும் கலந்து இறங்கியதில் வண்டி கிளம்பிவிட்டது. திருச்சி ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் இருமியது. பிறகு பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிற்று. என் பக்கத்துப் பாதி ரோடும் தெரியாமல் போய்விட்டது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

நான் வாடையைப் பற்றி மறுபடி பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஸ்பார்க் ப்ளக் என்றார், ஏர் அடைப்பு என்றார். உட்கார்ந்து எதையோ கழற்றினார், மாட்டினார். அந்த நேரத்தில் திண்டுக்கல் பஸ் ஒன்று, கை காட்டாமலே, எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்று, வாரீங்களா என்பது போலத் தலையை ஆட்டினார்.

"பஸ்ல போயிரட்டுமாங்க?" என்றேன்.

"செத்த நேரம் பொறு. இந்தா ஆயிருச்சு" என்றார்.

பஸ் போய்விட்டது. இன்றைக்கும் சில நாள் மதியத் தூக்கத்தில் அந்த கண்டக்டர் தலையை ஆட்டுகிறார். நானும் கனவில்கூட ஏறுவதில்லை.

அப்புறம் அவருடைய சித்தப்பா மகன் மாரிமுத்து தன் பைக்கில் வந்து சேர்ந்தான். எங்கள் வண்டியின் பின்பக்கக் கால்மிதியில் தன் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே வருகிறேன், திண்டுக்கல் மெக்கானிக்கிட்டயே விட்டுரலாம் என்றான். செத்த வண்டி, அதில் நாங்கள் இரண்டு பேர், பின்னால் ஒரு கால். இப்படியாக நான்கு வழிச் சாலையில் என் இன்டர்வியூ ஊர்வலம் புறப்பட்டது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டினார்கள். நான் ஃபைலையும் ஹெல்மெட்டையும் கட்டிக்கொண்டு, என்னை என்ன கேள்வி கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லுக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ் தடுப்பு வைத்து நின்றார்கள். எனக்கு அது தெரியாது. அது முன்னால் இருந்தது. என் கணவர் ஒரு கையைப் பின்னால் நீட்டி, "ஹெல்மெட்ட எடு, ஹெல்மெட்ட எடு" என்றார். எடுப்பதற்காக நான் முழங்கையை உயர்த்தினேன். மாரிமுத்து தன் காலை எடுத்துவிட்டான். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. இடது பக்கம்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே. தார் ரோடு என் முகவாயை நோக்கி வருவதை முழுசாகப் பார்த்தேன்.

போலீஸ்காரர்கள்தான் ஓடி வந்து தூக்கினார்கள். ஏன் ஹெல்மெட் போடவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு என் கணவர், "கையிலதான் சார் இருக்கு" என்று அதை உயர்த்திக் காட்டினார். அவருக்கு உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு. எனக்கு முகவாய் கிழிந்து ரத்தம் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முதலில் குனிந்து பார்த்தது வண்டியின் ஹெட்லைட்டை. உடையவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்கள். அவர் ஏறவில்லை. வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார். கேள்வி நியாயமானதாகவே அப்போது எனக்குப் பட்டது.

இன்டர்வியூ நடக்கிற ஆஸ்பத்திரிக்கே போய் இறங்கினேன். வாசலில் இருந்தவர் ஃபைலைப் பார்க்கவில்லை, சேலையைத்தான் பார்த்தார். வேலைக்கு வந்தவளை வீல் சேரில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய், ஓ.பி. சீட்டு போட்டுவிட்டார்கள். தையல் போட்டார்கள். ரத்தம் எடுத்து, நான் வேலை பார்க்க வேண்டிய அந்த லேபுக்கே அனுப்பினார்கள். (அந்த லேபுக்குள் நான் போனது அந்த ட்யூபில்தான்.) தகவல் போய், லேபின் பொறுப்பாளர் அம்மா வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். நல்ல மாதிரியான அம்மா. ஃபைலைப் புரட்டினார், என் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இன்டர்வியூவின் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களாம்மா?"

போடவில்லை, கையில் வைத்திருந்தேன் என்பதை வாயைத் திறக்காமல் சைகையில் விளக்க முயன்றேன். அவர் ரொம்ப நேரம் என் முழங்கையையே பார்த்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

தையல் பிரிக்கிறவரைக்கும் தாடையை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்தது அந்த உத்தரவுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று சாயங்காலம் மெக்கானிக்கிடமிருந்து வந்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, டேங்க் நிறைய டீசல் என்று. மாமனார், யார் அந்தக் கேனை எடுத்தது என்று கேட்டார். என் கணவர் என் முகவாயில் போட்டிருந்த கட்டுத்துணியை ஒருமுறை பார்த்தார்.

"இவதான் கேனை எடுத்துக் கொடுத்தா. நான் அவசரத்துல பாக்காம ஊத்திட்டேன்" என்றார்.

நான் கையை ஆட்டினேன். வலிக்குது போல, படுத்துக்க ஆத்தா என்று மாமியார் என்னைப் பிடித்துப் படுக்கவைத்தார். என்னால் பேச முடிந்தபோது கதை அய்யலூர் சந்தை வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தது. அதன் பிறகு வேறு வேலைக்கு மனுப் போடுகிறேன் என்று சொன்னபோதெல்லாம், ஒருதடவை போய் வந்ததே போதும், அன்றைக்கு நீ வந்து நின்ற கோலத்தை நினைத்தாலே பதறுகிறது என்று மாமியார் என் முகவாயைத் தடவிக் கொடுத்தார். இப்போது தெருவில் எல்லோருக்கும் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்துச் சொல்கிறேன். அந்தப் படிப்புக்கு அதுதான் மிச்சம்.

விசேஷ வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் யாராவது அந்த டீசல் கதையைச் சொல்லச் சொல்வார்கள். என் கணவர் நன்றாகவே சொல்லுவார். லேபுக்குப் படித்தவளிடம் பெட்ரோல் கேட்டேன், டீசலைக் கொண்டாந்து கொடுத்தாள் என்று ஆரம்பிப்பார். முதல் தடவை நான் பொறுக்கமாட்டாமல், "நான் எடுக்கலைங்க, எடுத்தது நீங்க" என்று சொன்னேன். கதைக்குக் கிடைத்ததைவிட அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. அடுத்த தடவையும் சொன்னேன், அதற்கும் அப்படித்தான். இப்போதெல்லாம் அவரே அந்த இடத்தில் நிறுத்தி, என் வசனத்துக்காக என்னைப் பார்க்கிறார்.

போன மாதம் ஒரு காதுகுத்தில் அப்படித்தான் நிறுத்தினார். நான் சொல்லவில்லை. இலையை மடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போது பந்தியின் கோடியிலிருந்து என் மகள் எழுந்து, முகவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் குரலில், என் இழுவையில், அந்த வசனத்தை அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

பந்தலே குலுங்கியது. அவ்வளவு அச்சாக இருந்தது. நானும் சிரித்துவிட்டேன்.